ஒன்பது சதவீதம் வாங்கிக்கொண்டு அரசு எதற்குச் சாட்சி சொல்கிறது?

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் வரும். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." படித்தால் ஏதோ ராஜா செப்பேடு வெட்டிக் கொடுத்ததுபோல் நெஞ்சு நிமிரும். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வரியும் இருக்கும். பின்னிட்டு ஏதாவது வில்லங்கம் விவகாரம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில், என் இதர சொத்துகளைக் கொண்டு நிவர்த்தி செய்து கொடுக்கிறேன் என்று.

இந்த இரண்டாவது வரியை யார் சொல்கிறார் என்று பாருங்கள். விற்றவர். அரசு அல்ல. பத்திரத்தின் பின்பக்கம் முழுக்க அரசு முத்திரை, சார்பதிவாளர் கையெழுத்து, ஆவண எண், 1-ஆம் புத்தகம் என்று வரிசையாக இருக்கிறதே, அதில் ஓரிடத்திலாவது "இந்த இடம் இன்னாருடையது" என்ற வாசகம் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். இருக்காது.

இதை நான் தெரிந்துகொண்டது அப்பா போன பிறகுதான். 1994-ல் ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் ஒரு கிரவுண்ட் வாங்கியிருந்தார். பத்திரம் சுத்தமாக இருந்தது, வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பட்டா எடுத்துப் பார்த்தால் பதினேழு பேர் பெயரில் கூட்டுப் பட்டா. அதில் அப்பா பெயர் இல்லை. பத்திர ஆபீசில் கேட்டால், "பட்டாவெல்லாம் ரெவின்யூ சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை." தாலுகா ஆபீசில் கேட்டால், "உங்கள் பத்திரத்தில் இருக்கிற சர்வே எண்ணே எங்கள் கணக்கில் இல்லையே." சரி, அப்படியானால் நாங்கள் எங்கேதான் போவது? "சந்தேகம் இருந்தால் கோர்ட்டில் டிக்ளரேஷன் வாங்கிட்டு வாங்க."

இப்படி மூன்று திசையில் கை காட்டும்போது நமக்கு முதலில் வருவது, இவர்கள் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பைசா எதிர்பார்க்காத, நல்ல மனசுள்ள அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் பதில் இதேதான் வந்திருக்கும். ஏனென்றால் சட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு நிலத்துக்கு நம் அரசு இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்கிறது. இரண்டையும் எழுதுவது வேறு வேறு துறை. நமக்குத் தெரிய வேண்டிய ஒரே கேள்விக்கு இரண்டு புத்தகத்திலும் பதில் கிடையாது.

முதல் புத்தகம் பதிவுத்துறையுடையது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும் என்கிறது. (அந்த நூறு ரூபாய் இன்னும் நூறு ரூபாயாகவே இருக்கிறது. அன்றைக்கு அது ஒரு தொகை.) எப்படிப் பதிய வேண்டும் என்பதை 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டப்படி சார்பதிவாளர் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்திருக்கிறாரா, இவர்தான் அவர் என்று அடையாளம் காட்ட ஆள் இருக்கிறதா, "நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியா. அப்புறம் போட்டோ, கைரேகை, ஸ்கேன். அவ்வளவுதான்.

அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. விற்க வந்திருக்கிற இவருக்கு இந்த இடம் சொந்தமா? அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுக்கவே இல்லை. அவர் பதிவது ஒரு சம்பவத்தை. இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார் என்பதை. உரிமையே இல்லாதவர் எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சம்பவம் நடந்தது உண்மைதானே, அதனால் பதிவாகும். வாங்கியவருக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேராது. தன்னிடம் இல்லாததை யாரும் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது பழைய சட்ட விதி.

அப்படியானால் வில்லங்கச் சான்று எதற்கு? இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஈ.சி. என்கிற அந்தச் சான்று, சொத்துப் பத்திரங்கள் ஏறுகிற 1-ஆம் புத்தகம் என்ற பதிவேட்டின் பொருளடக்கம். நாம் கேட்ட வருடங்களுக்குள், நாம் கொடுத்த சர்வே எண்ணில், என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியல். பதிவாகாத எதுவும் அதில் வராது. உயிலைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, எனவே ஒரு உயில் யார் வீட்டுப் பெட்டியிலோ தூங்கிக்கொண்டிருக்கலாம். வாரிசுரிமை பதிவாவதில்லை. ஒருவர் இறந்த அந்த நிமிடமே அவருடைய மகளுக்குப் பங்கு வந்துவிடுகிறது, அதற்கு எந்தக் காகிதமும் வேண்டாம். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிற வழக்கும் பெரும்பாலும் தெரியாது, ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்து வாங்கிய கடனும் பல வருடங்கள் ஈ.சி.யில் வராமல் இருந்தது. தமிழ்நாட்டில் 2012-இன் கடைசியில்தான் அந்த ஒப்படைப்பு ஆவணத்தையும் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். பழைய பவர் பத்திரங்கள் 4-ஆம் புத்தகம் என்ற வேறு பதிவேட்டில் கிடக்கும், ஈ.சி. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. சர்வே எண்ணைத் தட்டச்சு செய்தவர் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தால்? சான்று பளிச்சென்று, வெறுமையாக வரும். நாமும் சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுப்போம்.

மகள்களின் பங்கு என்று சொன்னேன். தமிழ்நாட்டுச் சொத்துத் தகராறுகளில் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. 2005-ல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தபோது அந்த விலக்கும் போனது. 2020-ல் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்றது. ஆனால் இடைப்பட்ட வருடங்களில் அண்ணன் தம்பிகள் மட்டும் கூடிக் கையெழுத்துப் போட்டு விற்ற பத்திரங்கள் எத்தனை! அக்கா தங்கச்சிக்குச் சீர் செய்தாகிவிட்டது, இனி என்ன என்ற நினைப்பு. எல்லாமே ஒழுங்காகப் பதிவான பத்திரங்கள்தாம். பழைய விற்பனைகளுக்கும் பாகப்பிரிவினைகளுக்கும் விலக்கு உண்டு என்பதால் எல்லாமே கவிழ்ந்துவிடாது. எது நிற்கும், எது விழும் என்பதைத்தான் கோர்ட்டுக்குப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது புத்தகத்துக்கு வருவோம். பட்டா.

பட்டாதான் சொத்துக்கு அத்தாட்சி என்று ஊரில் நினைக்காதவர் இல்லை. அது பிறந்த கதையைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்த பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் குடியானவனிடமே நேராக வரி வாங்கும் முறையை நடத்திப் பார்த்தார்கள். ரயத்துவாரி. பின்னாளில் மன்றோ சென்னை மாகாண கவர்னரானபோது அதுவே மாகாணத்தின் பொது முறையானது. எந்த நிலத்துக்கு யாரிடம் எவ்வளவு தீர்வை வாங்குவது என்று எழுதி வைக்கத்தான் பட்டா. கம்பெனிக்கு வேண்டியது வரி கட்டும் கை எது என்பது. அந்தக் கைக்கு நிலம் எந்த வழியில் வந்தது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

இருநூறு வருடம் கழித்தும் சட்டத்தின் பார்வை அதேதான். வருவாய்க் கணக்கில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்து சொந்தமாகிவிடாது, பெயர் விட்டுப்போனதால் உரிமை பறிபோவதும் இல்லை. அது வரி வசூலுக்கான குறிப்பு. உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது, 2021-ல் மறுபடி சொன்னது, நடுவிலும் பலமுறை சொன்னது. (இனாம் ஒழிப்புச் சட்டங்களின்கீழ் விசாரணை நடத்திக் கொடுத்த ரயத்துவாரிப் பட்டா வேறு ரகம், அதற்கு மதிப்பு அதிகம். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.) இப்போது புன்செய்த் தீர்வையாக வரும் பணத்தில் அரசுக்கு ஒரு காபிச் செலவுகூடத் தேறாது. வரி செத்துவிட்டது, வரி ரசீதுக்காக உண்டான புத்தகம் மட்டும் உயிரோடு இருந்து, பேங்க் கடன் முதல் கரண்ட் கனெக்ஷன் வரை நம்மை ஆட்டி வைக்கிறது.

அந்தப் புத்தகத்திலும் 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரலில் முடிந்த ஒரு பெரிய வேலை நடந்தது. யூ.டி.ஆர். என்று வக்கீல்களும் சர்வேயர்களும் சொல்வார்கள். நிலப் பதிவேடுகளை இற்றைப்படுத்தும் திட்டம். ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது. பழைய எண்கள் புது எண்களாயின. லட்சக்கணக்கான இனங்களைக் கையால் நகலெடுத்து எழுதினார்கள். கையால் எழுதினால் பிழை வரும், வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏறியது, பெரியப்பா பெயர் மட்டும் ஏறித் தம்பிகள் விட்டுப்போனார்கள், பட்டா நிலம் புறம்போக்கானது, புறம்போக்கு பட்டாவானது. சொந்த ஊரில் இல்லாதவர்களுக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கும் "யூ.டி.ஆர். திருத்தம்" என்று மனு எழுதிக்கொண்டு நிற்பவர்கள் நிற்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு எழுத்தரின் பேனா வழுக்கியதற்கு.

எங்கள் மனையின் சர்வே எண் காணாமல் போனதும் இதில்தான். 1994-ல் பத்திரம் எழுதியவர் அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்த்து எண்ணைப் போட்டிருக்கிறார், அதற்கு முந்தையவர் அதற்கும் முந்தையதைப் பார்த்து. வருவாய்த்துறை ஏழு வருடத்துக்கு முன்பே புது எண்ணுக்கு மாறிவிட்டது, பத்திரங்கள் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒரே இடம், இரண்டு விலாசம். இரண்டு துறையும் பேசிக்கொள்ளாததால் யாரும் கவனிக்கவில்லை. இப்போது பதிவானதும் தானாகவே பட்டா மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது, அது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் உட்பிரிவு தேவைப்படாத இனங்களுக்குத்தான் அது சுலபம். எங்களைப் போல் கூட்டுப் பட்டாவிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தே ஆக வேண்டும்.

இனி, இதற்கெல்லாம் நாம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் அதன் மேல் வரியும் சேர்த்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9. இந்தப் பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்ததை 2017-ல் 4 ஆக்கினார்கள், வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு இடத்துக்கு இடம் போட்டு வைத்திருக்கிற விலையை, 33 சதவீதம் குறைத்ததற்கு ஈடாக. 2023-ல் 2 ஆகக் குறைத்தார்கள், வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றியதற்கு ஈடாக. இடது பையிலிருந்து வலது பை. 30 லட்சம் ரூபாய் மனைக்கு 2,70,000 ரூபாய் போகிறது. கடையில் மிக்சி வாங்கினால்கூட கேரண்டி கார்டில் சீல் போட்டுத் தருகிறார்கள்.

அந்த 9 சதவீதமும் நாம் கொடுத்த விலைக்கு அல்ல, வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதற்கு. தெரு முனையில் இருக்கிற மனைக்கும் உள்ளே பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற மனைக்கும் ஒரே மதிப்பு போட்டிருப்பார்கள். குறைவு என்று சொன்னால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்கீழ் தனித் துணை ஆட்சியர் விசாரிப்பார், அதுவரை பத்திரம் கைக்கு வராது. எத்தனை பேர் அதற்குப் பொறுமையாக நிற்பார்கள்? கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வருமான வரிக்காரர்களும் அதே எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 30 லட்சத்துக்கு வாங்கிய இடத்தின் வழிகாட்டி மதிப்பு 40 லட்சம் என்றால், அந்த 10 லட்சம் வாங்கியவருக்குக் கிடைத்த வருமானம் என்று வரி. விற்றவருக்கும் 40 லட்சத்துக்கு விற்றதாக வைத்து லாபக் கணக்கு. 10 சதவீத வித்தியாசம் வரை மன்னிப்பு உண்டு. கையில் வராத பணத்துக்கு இரண்டு பேருக்கும் வரி என்பதை நண்பர் ஒருவருக்கு நான் விளக்கியபோது, அவர் நான் தப்பாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்.

சரி, கட்டியாகிவிட்டது. பின்னால் ஒருவர் வந்து இது என் பாட்டன் சொத்து என்கிறார். உரிமையை நிலைநாட்டக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே நுழையவும் கட்டணம் உண்டு, அதுவும் சொத்து மதிப்பைப் பொறுத்து. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, உரிமை விளம்புகையும் (தாலுகா ஆபீசில் சொன்ன அந்த டிக்ளரேஷன்தான், இடம் நம்முடையது என்று கோர்ட் சொல்வது) சுவாதீனமும் கேட்டால் சந்தை மதிப்பின்மேல் 3 சதவீதம். விளம்புகையும் தடையுத்தரவும் மட்டும் என்றால் பாதி மதிப்பின்மேல். 2017-க்கு முன்பு இது 7.5 சதவீதமாக இருந்தது. ஆக, பதிவு செய்ய அரசிடம் 9, அப்படிப் பதிந்தது நம்முடையதுதான் என்று அதே அரசு நடத்தும் நீதிமன்றத்தில் சொல்லச் செய்ய மேற்கொண்டு 3. வக்கீல் பீஸ் தனி. வருடங்கள் தனி.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. தமிழ்நாடு சமீபத்தில் இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்த்தது. ஒன்று, 2022-ல் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. விற்பவர் தன் முந்தைய அசல் பத்திரத்தையும் ஈ.சி.யையும் காட்டினால்தான் பதிவு. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! போலிப் பத்திரங்கள் குறையும்தானே. ஆனால் மூலப்பத்திரமே இல்லாத சொத்துகள் நாட்டில் ஏராளம். தாத்தா காலத்திலிருந்து அனுபவத்தில் இருப்பவை, அசல் பெரியண்ணன் வீட்டில் மாட்டிக்கொண்டவை, வெள்ளத்தில் போனவை. அவர்கள் அலைந்தார்கள். ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 7 அன்று அந்த விதி செல்லாது என்று தீர்ப்பானது. காரணம்தான் முக்கியம். எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலையே இல்லை, 1908-ஆம் வருடத்துச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை, சட்டம் தராததை விதி தர முடியாது. அந்த மாதமே, விதியில் இருந்ததைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவர தமிழகச் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது.

இன்னொன்று பதிவுச் சட்டத்தில் சேர்த்த 77-ஏ பிரிவு. போலிப் பத்திரம் என்று புகார் வந்தால் மாவட்டப் பதிவாளரே விசாரித்து ரத்து செய்யலாம் என்று, 2022-ல்தான் இதுவும். நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, இது பெரிய ஆறுதல். ஆனால் மனுக்களில் போலி மட்டும் வரவில்லை, சாதாரணப் பங்காளிச் சண்டைகளும் வந்து குவிந்தன. கோர்ட்டில் பத்து வருடம் ஆகும், இங்கே சில மாதம்தானே. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தள்ளியது. உரிமைத் தகராறைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, ஒரு அதிகாரியை நீதிபதி ஆக்க முடியாது என்பதுதான் சாரம்.

இரண்டு தீர்ப்பும் சட்டப்படி சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சார்பதிவாளர் கையில் உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் அடுத்த மாதமே அந்தக் கவுன்ட்டரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதே சட்டத்தின் 22-ஏ பிரிவு அதற்கு ஒரு மாதிரி காட்டுகிறது. அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றைப் பதியக் கூடாது என்கிற நல்ல பிரிவு அது. நடைமுறையில் ஒரு கடிதம் வந்தால் சர்வே எண் மொத்தமும் பூட்டப்படுகிறது. அதற்குள் ஐம்பது வருடமாக வீடு கட்டிக் குடியிருப்பவரும் மாட்டிக்கொள்கிறார். பூட்டுவதற்கு ஒரு கடிதம் போதும். திறக்க உயர் நீதிமன்ற ரிட் வேண்டும்.

பீகாரும் இதே வழியில் போய் முட்டிக்கொண்டது. விற்பவர் பெயரில் பட்டா மாதிரியான வருவாய்ப் பதிவு இருந்தால்தான் பத்திரம் பதியலாம் என்று விதி போட்டார்கள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார்கள்: இந்தியாவில் ஒரு சொத்தை வாங்குவது மனதைப் புண்ணாக்கும் அனுபவமாக இருக்கிறது என்று. பதிவுக்கும் உரிமைக்கும் நடுவே இருக்கிற இந்தப் பள்ளத்தை மூடத் தொழில்நுட்பம் உதவுமா என்று ஆராயச் சட்ட ஆணையத்தையும் கேட்டுக்கொண்டார்கள்.

வேறு வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பழைய பத்திரங்களைக் கிளற வேண்டியதில்லை. பதிவேட்டுப் பிழையால் ஒருவர் நஷ்டப்பட்டால் அதற்கான நிதியிலிருந்து பணம் தருவார்கள். மலேசியாவிலும் பதிவேட்டில் இருக்கிற பெயர்தான் பேசும். அங்குள்ள நம்மவர்கள் "கிராண்ட்" என்று சொல்கிற அந்த ஒரு தாள் போதும். அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர், நாங்கள் முப்பது வருட ஈ.சி.யையும் தாய்ப்பத்திரத்தையும் தேடி அலைவதைப் பார்த்து, "வாங்குற ஆளு ஏன்பா போலீஸ் வேலை பாக்குறீங்க?" என்றார். இலங்கையிலும் 1998-ல் உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது, "பிம் சவிய" என்ற பெயரில் பகுதி பகுதியாக நடக்கிறது.

இந்தியாவில் ராஜஸ்தான் 2016-ல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்று தரும் சட்டம் போட்டது. நிதி ஆயோக் 2020-ல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆந்திரா துணிந்து இறங்கியது. அதன் நில உரிமைச் சட்டம் 2023 அக்டோபர் கடைசியில் அமலுக்கு வந்தது. என்ன ஆயிற்று? வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். சிவில் கோர்ட்டை ஒதுக்கிவிட்டு ஒரு அதிகாரி நம் நிலம் யாருடையது என்று எழுதிவிடுவாரா என்ற பயம் கிராமம் கிராமமாகப் பரவியது. 2024 தேர்தலில் அது பெரிய பிரச்சினையானது, ஆட்சி மாறியது, புது அரசு வந்த வேகத்தில் சட்டத்தை எடுத்துவிட்டது.

அந்தப் பயத்தை அரசியல் வதந்தி என்று நான் தள்ளிவிடமாட்டேன். இன்று பதிவேட்டில் பிழை இருந்தால், "அது வெறும் வரிக் கணக்குதான்" என்று கோர்ட் நம்மைக் காப்பாற்றுகிறது. பதிவேடே இறுதி என்று ஆகிவிட்டால் அந்த எழுத்தரின் வழுக்கிய பேனாவும் இறுதி. அதனால் கேரண்டி கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சர்வே எண்ணையும் அளந்து, விசாரித்து, தகராறுகளைத் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தப்பு நடந்தால் கஜானாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க வேண்டும். 9 சதவீதத்தை வாங்குகிற கை இந்த இரண்டாவது வேலைக்கு நீளாது என்பதுதான் விஷயம். இப்போதைய முறையில் அரசுக்கு வருமானம் உண்டு, பொறுப்பு இல்லை. எந்த வியாபாரி இதை விட்டுக்கொடுப்பான்?

எனவே கேரண்டியைத் தனியார் கையில் நாம்தான் தேடிக்கொள்கிறோம். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன். பேங்க் லோன் போட்டால் அவர்கள் வக்கீலும் பார்ப்பார் என்று ஒரு தெம்பு. ஆனால் அவர் கருத்து பேங்குக்குத்தான், நமக்கு அல்ல. தினசரியில் பொது அறிவிப்பு. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தில் கட்டுமானத் திட்டங்களுக்கு உரிமைக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறது, மாநில அரசு அறிவிக்கை செய்தால் அமலுக்கு வரும் என்ற நிபந்தனையோடு. கடைசியில் எல்லாவற்றையும்விட உதவுவது பக்கத்து மனைக்காரரோடு அரை மணி நேரம் பேசுவது. எந்த ஈ.சி.யிலும் வராத சங்கதி அங்கே வரும். "அவங்க பெரிய பொண்ணு கையெழுத்துப் போட்டுச்சாமா?" என்று போகிற போக்கில் கேட்பார். அந்தக் கேள்வி லட்ச ரூபாய் பெறும்.

எங்கள் கதை பதினான்கு மாதத்தில் ஒரு மாதிரி முடிந்தது. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தொடர்பு காட்டும் பதிவேட்டு நகலை வாங்கினோம், மனைப்பிரிவு வரைபடம் கொடுத்தோம், சர்வேயர் இரண்டாவது தடவை வந்தபோது அளந்தார். உட்பிரிவாகித் தனிப் பட்டா வந்தது. எடுத்துப் பார்த்தால் பரப்பு 0.02.16 ஹெக்டேர். 216 சதுர மீட்டர், கணக்குப் போட்டால் சுமார் 2,325 சதுர அடி. அப்பா பத்திரத்தில் 2,400. எழுபத்தைந்து சதுர அடியைக் காணோம். தெருவில் போயிருக்கலாம், பக்கத்து மனையில் போயிருக்கலாம், 1994-லேயே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

தங்கை தன் பாகத்தை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்தாள். குடும்பத்துக்குள் என்பதால் தீர்வை 1 சதவீதம்தான், அதிகபட்சம் 40,000 ரூபாய். பத்திர எழுத்தர் சொத்து விவரத்தை அடித்துக்கொண்டே வந்து அளவு வரும் இடத்தில் நிறுத்தினார்.

"சார், எந்த அளவைப் போடட்டும்?"

"எது சரியோ அதைப் போடுங்களேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே அடித்தார்: பத்திரப்படி 2,400 சதுர அடி, பட்டாப்படி 2,325 சதுர அடி. தீர்வையை 2,400-க்குக் கணக்குப் போட்டார்.